சுகர் இருக்கறவங்க எந்த சத்து மாத்திரை வாங்கறது? கவுண்டருக்கு உள்பக்கம் நின்னு ஒரு ஒப்பீடு

போன மழை சீசன்ல ஒரு சாயங்காலம், கோத்தகிரில மிஸ்ட் இறங்கி எதிர்க்கடை போர்டு கூட தெரியல, ஒரு பெரியவர் ஸ்வெட்டர் மப்ளர் குடை எல்லாத்தோடயும் எங்க மெடிக்கலுக்குள்ள வந்து மஞ்சப்பையைக் கவுத்தார். மூணு அயிட்டம் விழுந்துச்சு. ஒண்ணு, கோயம்புத்தூர்ல இருக்கற பையன் ஆன்லைன்ல ஆர்டர் போட்டு அனுப்பின "டயாபடிக் மல்டிவைட்டமின்" டப்பா, சீல் கூட உடைக்கல. ரெண்டாவது, பக்கத்து வீட்டுக்காரர் "எனக்குக் கால் எரிச்சலுக்கு நல்லா கேட்டுச்சு"ன்னு பாதி அட்டையைக் கிழிச்சுக் குடுத்த நரம்பு மாத்திரை. மூணாவது, டூரிஸ்ட்டுக்கு மசாலாவும் தைலமும் விக்கற கடைல வாங்கின பட்டை கேப்சூல். "ஏன் அம்மணி, இதுல எதை முழுங்கறது? மூணையும் முழுங்கினா ஏதாச்சும் ஆயிருமா?"

சுகர் வந்து 11 வருஷம் அவருக்கு. கொஞ்சமா தேயிலை வச்சிருக்கார், பச்சைத் தேயிலை விலை ஏறுனா முழு அட்டை வாங்குவார், இறங்குனா "பாதி கட் பண்ணிக் குடு"ம்பார். அப்படிப்பட்ட மனுசன் பைல ஆயிரம் ரூபாய்க்கு மேல சத்து மாத்திரையே இருக்கு.

இதே கேள்வியை வாரத்துக்கு நாலு பேராவது கேக்கறாங்க, கூட்டத்துல நின்னுக்கிட்டு முழுசா பதில் சொல்ல முடியறதில்ல, அதனால உக்காந்து எழுதிடலாம்னு. நான் டாக்டர் இல்லீங்க, டி.பார்ம் முடிச்சுட்டு 14 வருஷமா கவுண்டர்ல நிக்கற பார்மசிஸ்ட். இன்னொண்ணும் முதல்லயே சொல்லிடறேன், சுகருக்குப் போடற மெட்பார்மின் ஒரு அட்டை வித்தா கடைக்கு நிக்கறது கொஞ்சம், டப்பால வர்ற சத்து மாத்திரை வித்தா நிக்கறது நிறைய. அதனால நான் "இது வேணாங்க"ன்னு சொல்லும்போது ஓனர் பக்கம் திரும்பறதில்ல.

## எதை வச்சு முடிவு பண்றது

முதல்ல ஒரு நெனப்பைத் தூக்கி ஓரமா வச்சிடுவோம். சத்து மாத்திரை சுகரைக் குறைக்காது. அமெரிக்கன் டயாபடிஸ் அசோசியேஷன் வருஷா வருஷம் வெளியிடற வழிகாட்டுதல்லயே, உடம்புல குறைபாடு இல்லாதவங்களுக்கு சுகர் கன்ட்ரோலுக்காக வைட்டமினோ, குரோமியம் மாதிரி மினரலோ, பட்டை, கத்தாழை மாதிரி மூலிகையோ குடுக்கறதுல பலன் இருக்குன்னு காட்ட ஆதாரம் பத்தாதுன்னு தான் சொல்றாங்க. ஆக "எது சுகருக்கு நல்லது"ங்கற கேள்வியே தப்பு, "எனக்கு எது குறையுது"ங்கறது தான் கேள்வி.

அப்படிக் கேட்டா நான் பாக்கறது இதெல்லாம் தான். ஒண்ணு, அந்தச் சத்து உங்களுக்குக் குறையறதுக்கு ஒரு காரணம் இருக்கா, அதாவது நீங்க போடற மருந்து, சாப்பாடு, வயசு. ரெண்டு, ரத்தத்துல பாத்து உறுதி பண்ணியாச்சா. மூணு, ஏற்கனவே போடற மாத்திரையோடயோ உங்க கிட்னியோடயோ மோதுமா. நாலு, இதை நிறைய பேர் யோசிக்கறதே இல்ல, அந்த மாத்திரை உங்க அடுத்த லேப் ரிசல்ட்டைக் குழப்புமா. கடைசியா செலவு, அட்டைல போட்ட விலை மட்டும் இல்ல, பஸ், அரை நாள் கூலி, டெஸ்ட் காசு எல்லாம் சேத்து.

## தனி பி12: மாத்திரையா ஊசியா

மெட்பார்மின் போடறவங்களுக்கு இது தான் லிஸ்ட்ல முதல், எனக்கு இதுல சந்தேகமே இல்ல. நாம சாப்பிடற பி12, வயித்துல சுரக்கற ஒரு புரதத்தோட சேந்து சிறுகுடலோட கடைசிப் பகுதில தான் உடம்புக்குள்ள ஏறும், அந்த ஏறுற வேலைக்கு கால்சியம் வேணும், மெட்பார்மின் அந்த இடத்துல தான் தொந்தரவு பண்ணுது. ஆனா உடனே தெரியாது. ஏன்னா ஈரல்ல பி12 வருஷக்கணக்குக்கு சேத்து வச்சிருக்கும். நம்ம ஊர் தண்ணி டேங்க் மாதிரி தான், மேல ஊத்து வத்துனாலும் டேங்க்ல இருக்கற வரைக்கும் குழாய்ல வந்துக்கிட்டே இருக்கும், ஒரு நாள் காலைல திறந்தா காத்து தான் வரும். அதனால தான் நாலஞ்சு வருஷத்துக்கு மேல, அதுவும் நாளைக்கு 1500, 2000 மில்லிகிராம்னு போடறவங்களுக்கு அதிகமா வருது. பிரிட்டன்ல மருந்துகளைக் கண்காணிக்கற அமைப்பு 2022-ல இதை மெட்பார்மினோட சாதாரணமா வரக்கூடிய பக்கவிளைவு, 10 பேருக்கு 1 பேர் வரைக்கும் வரலாம்னு மாத்தி எழுதிட்டாங்க. இதோட காலைல வெறும் வயித்துல பேன்டோபிரசோல்ங்கற அசிடிட்டி மாத்திரையை வருஷக்கணக்கா போடறவங்களும், முட்டை மீன் தொடாத சைவக்காரங்களும் இன்னும் ஜாக்கிரதையா இருக்கணும்.

"நான் மெட்பார்மின் எல்லாம் போடறதில்லையே"ன்னு சொல்றவங்க அட்டையை ஒரு தடவை திருப்பிப் பாருங்க. கிளிமிபிரைடு, வில்டாக்ளிப்டின், சிட்டாக்ளிப்டின் மாத்திரை பேருக்குப் பின்னாடி "எம்"னு ஒரு எழுத்து இருந்தா உள்ள மெட்பார்மின் இருக்குன்னு அர்த்தம். கவுண்டர்ல இதைக் காட்டுனா பாதிப் பேர் ஆச்சரியப்படுவாங்க.

குறைஞ்சா என்ன தெரியும்னா, பாதம் எரிச்சல், மதமதப்பு, ஊசி குத்தற மாதிரி, நடக்கும்போது தரை பஞ்சு மாதிரி இருக்கும், அசதி, நாக்கு சிவந்து புண்ணு. இதுல முக்கால்வாசி சுகரால வர்ற நரம்பு பாதிப்புக்கும் அதே தான், அதனால "சுகர் இருந்தா கால் எரியத்தான் செய்யும்"னு விட்டுடறாங்க. நம்ம குளிருல இது ஆபத்து. ஒரு எஸ்டேட் அக்கா, ராத்திரி ஹாட் வாட்டர் பேக்கைப் பாதத்துக்கு அடியில வச்சுத் தூங்கியிருக்காங்க, காலைல சாக்ஸைக் கழட்டுனா தோலோட ஒட்டிக்கிட்டு வருது, சுட்டதே தெரியல. பர்ன் ஆயின்ட்மென்ட் கேட்டு வந்தவங்களை நான் நேரா கவர்மென்ட் ஆஸ்பத்திரிக்கு அனுப்பினேன். கரி அடுப்புல கால் காயறவங்க, ஹீட்டர் கிட்ட உக்காரறவங்க எல்லாருக்கும் சேத்து தான் சொல்றேன்.

இப்ப மாத்திரையா ஊசியா. உடம்புக்கு ஒரு நாளைக்குத் தேவை 2-ல இருந்து 2.5 மைக்ரோகிராம் தான். 1000 மைக்ரோகிராம் மாத்திரை போட்டா, அந்தக் குடல் வழி அடைச்சிருந்தாலும் சும்மா கசிஞ்சே 1 சதவீதம் கிட்ட உள்ள போயிடும், அதாவது 10 மைக்ரோகிராம், தேவைக்கு மேலயே. அதனால லேசான குறைபாட்டுக்கு தினசரி மாத்திரையே போதும்னு நிறைய டாக்டருங்க சொல்றாங்க. ஊசி எப்ப நல்லதுன்னா, அளவு ரொம்ப அடியில இருந்தா, நடை தள்ளாடுனா, கை கால் மதமதப்பு ஏறிக்கிட்டே போனா, ரத்தசோகையும் சேந்து இருந்தா, இல்ல வயித்துல குடல்ல ஆபரேஷன் ஆனவங்களா இருந்தா. அப்ப மாத்திரையை நம்பி ரெண்டு மாசம் ஓட்டறது தப்பு, நரம்பு போன பின்னாடி முழுசா திரும்பாது.

ஊசியோட மறைஞ்ச செலவு மருந்துல இல்ல, பயணத்துல. ஒரு நாள் விட்டு ஒரு நாள்னு ரெண்டு மூணு வாரம் போட வேண்டி வரும், ஊர்ல இருந்து பஸ் பிடிச்சு வந்து க்யூல நின்னு திரும்பறதுக்குள்ள அரை நாள் கூலி போச்சு, கொழுந்து நல்லா வர்ற சீசன்ல யாரும் வரமாட்டாங்க, மூணு ஊசியோட நிறுத்திடுவாங்க. மாத்திரைல இருக்கற கஷ்டம் வேற, கால் எரிச்சல் குறைஞ்ச உடனே நிறுத்திடறது. மெட்பார்மின் போடற வரைக்கும் பி12 மேல கண்ணு இருக்கணும்.

டெஸ்ட் விஷயத்துல ஒரே ஒரு கண்டிஷன், மாத்திரை ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி ரத்தம் குடுங்க. பத்து நாள் போட்டுட்டுப் போனா நம்பர் நல்லா தான் காட்டும், அப்புறம் நிஜமாவே குறைஞ்சிருந்துச்சான்னு யாருக்கும் தெரியாது. 200-க்குக் கீழ இருந்தா குறைபாடு, 200-ல இருந்து 300 வரைக்கும் சந்தேகம், அங்க அறிகுறியைப் பாத்து டாக்டர் முடிவு பண்ணுவார். டெஸ்ட்டுக்கு லேப்பைப் பொறுத்து 500-ல இருந்து 1000-க்கு மேல கூட ஆகுது, நம்ம பக்கத்து லேப் பலதும் சாம்பிளைக் கீழ கோயம்புத்தூருக்கு அனுப்பித் தான் ரிசல்ட் வாங்கறாங்க, ரெண்டு நாள் பொறுங்க. காசு ஜாஸ்தி தான், ஆனா தேவையில்லாத டப்பா ரெண்டு மாசம் வாங்கற காசு அது.

ஃபோலிக் ஆசிட் மட்டும் தனியா போடறவங்களுக்கு ஒரு எச்சரிக்கை. பி12 குறைஞ்சிருக்கும்போது அதை மட்டும் போட்டா ரத்தசோகை சரியான மாதிரி தெரியும், நரம்பு பாட்டுக்கு உள்ள கெட்டுக்கிட்டே இருக்கும்.

## "டயாபடிக்" மல்டிவைட்டமின் டப்பா

பேரைப் பாத்து ஏமாறாதீங்க. உள்ள 20, 25 அயிட்டம் இருக்கும், ஒவ்வொண்ணும் ஒரு நாள் தேவை அளவுக்கு, கூட கொஞ்சம் குரோமியமும் சிங்க்கும். பெரியவர் டப்பாவைத் திருப்பி பி12 எவ்வளவுன்னு பாத்தேன், 2.2 மைக்ரோகிராம். சாதாரண ஆளுக்கு அது சரி. மெட்பார்மின் வழியை அடைச்சு வச்சிருக்கற ஆளுக்கு அதுல 1 சதவீதம் கசிஞ்சா என்ன ஆகும்னு நீங்களே கணக்குப் போட்டுக்கங்க. அவருக்கு எது தேவையோ அது தான் அதுல இல்ல.

டப்பால 14 இலக்க எஃப்எஸ்எஸ்ஏஐ (உணவுப் பாதுகாப்பு ஆணையம்) நம்பரும் "ஹெல்த் சப்ளிமென்ட்", "நாட் ஃபார் மெடிசினல் யூஸ்"ங்கற வார்த்தையும் இருந்தா அது சட்டப்படி உணவு, மருந்து இல்ல. உணவுன்னு லைசன்ஸ் வாங்கிட்டு "சுகரைக் குணப்படுத்தும்"னு விளம்பரம் பண்ணக் கூடாது. அப்படிப் பண்ணியிருந்தா அந்த ஒரு வரியே போதும், வாங்காம இருக்கறதுக்கு.

மறைஞ்ச செலவு இங்க தான் நிறைய. முதல்ல லேப் குழப்பம். முடி கொட்டுதுன்னு பயோட்டின்ங்கற வைட்டமின் அதிகமா இருக்கறதா பாத்து வாங்குவாங்க, அது தைராய்டு டெஸ்ட்டைத் தப்பாக் காட்ட வைக்கும், பயோட்டின் லேப் டெஸ்ட்டைக் குழப்பும்னு அமெரிக்காவோட மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு எஃப்டிஏ 2017-ல எச்சரிக்கை விட்டுச்சு. வைட்டமின் சி அதிக அளவுல எடுத்தா சில குளுக்கோமீட்டர்லயும், கைல ஒட்டற சென்சார்லயும் சுகர் இருக்கறதை விட ஜாஸ்தியாக் காட்டும், அதை நம்பி இன்சுலின் ஏத்திப் போட்டா என்ன ஆகும்னு யோசிங்க. தண்ணில போட்டா நுரைக்கற மாத்திரைல சோடியம் வேற, பிரஷர்காரங்களுக்கு ஆகாது. ஜெல்லி மிட்டாய் மாதிரி வர்றதுல பலதுல சர்க்கரையே இருக்கு, சுகர் பேஷன்ட்டுக்கு சர்க்கரை மிட்டாய் விக்கற அளவுக்கு நாங்க முன்னேறிட்டோம்! பீடி சிகரெட் பழக்கம் இருக்கறவங்க பீட்டா கரோட்டின் அதிகமா இருக்கறதைத் தொடவே கூடாது, பின்லாந்துல 29,000 புகை பிடிக்கற ஆம்பளைங்கள்ல பாதிப் பேருக்குக் குடுத்துப் பாத்து 1994-ல ரிசல்ட் வந்தப்போ, நுரையீரல் புத்துநோய் குறையறதுக்குப் பதிலா கூடியிருந்துச்சு.

அப்ப யாருக்குமே வேணாமா? அப்படி இல்ல. பல்லு இல்லாம ரசஞ்சாதமும் கஞ்சியுமா ஓட்டற வயசானவங்க, நோய்ல படுத்து எந்திரிச்சவங்க, வயித்து ஆபரேஷன் ஆனவங்க, அப்புறம் சுகர்னு சொன்ன நாள்ல இருந்து பழம், பால், கிழங்கு, முட்டை எல்லாத்தையும் பயந்து நிறுத்திட்டு ரெண்டு சப்பாத்தில வாழற ஆளுங்க, இவங்களுக்கு விலை கம்மியான சாதாரண மல்டிவைட்டமின் பிரயோஜனம். "டயாபடிக்"னு போட்ட டப்பாக்கு மேல்காசு குடுக்கறதுக்குக் காரணம் எனக்குத் தெரியல.

## நரம்பு மாத்திரை, அதாவது காம்பினேஷன்

மெத்தில்கோபாலமின் (பி12-ஓட ஒரு வடிவம்), ஆல்பா லிப்போயிக் ஆசிட், ஃபோலிக் ஆசிட், பி6 எல்லாம் ஒரே மாத்திரைல. அதுல பி12 தாராளமா இருக்கும், 1500 மைக்ரோகிராம் கூட, அதனால நிறைய பேருக்குக் கேக்கறது நிஜம். கேட்டது பி12-ஆலயா மத்ததாலயான்னு தான் தெரியாது. ஆல்பா லிப்போயிக் ஆசிட் பத்தி நல்ல விதமா வந்த ஆராய்ச்சிகள் பெரும்பாலும் 600 மில்லிகிராம்ல பண்ணது, நம்ம காம்பினேஷன்ல பொதுவா இருக்கறது 100.

பெரியவர் பைல இருந்த பாதி அட்டையைப் பாத்து தான் எனக்குத் திக்குன்னுச்சு. அதுல பிரிகாபலினும் இருந்துச்சு. அது சத்து மாத்திரையே இல்லீங்க, நரம்பு வலிக்குக் குடுக்கற, சீட்டு இல்லாம குடுக்கக் கூடாத மருந்து. தூக்கம், தலைசுத்தல் வரும், அதுவும் நம்ம ஊரு வீடெல்லாம் மெயின் ரோட்டுல இருந்து அறுபது எழுபது படி இறங்கணும், மழைல பாசி பிடிச்ச படில தலைசுத்தி விழுந்தா இடுப்பு போச்சு. கிட்னி வேலை குறைஞ்சவங்களுக்கு டோஸே மாத்தணும். பழகிட்டா திடீர்னு நிறுத்தவும் கூடாது.

பி வைட்டமின்னா எவ்வளவு போட்டாலும் யூரின்ல போயிடும்னு ஒரு பேச்சு இருக்கு, அதையும் நம்பாதீங்க. பி6 அதிக டோஸ்ல மாசக்கணக்கா போட்டா அதுவே கை கால் மதமதப்பைக் கொண்டு வரும், எதுக்கு மருந்தோ அதே வியாதி. கனடால சுகரால கிட்னி கெட்ட 238 பேர்ல ஒரு பகுதிக்கு ஃபோலிக் ஆசிட், பி6, பி12 மூணையும் அதிக டோஸ்ல குடுத்துப் பாத்தாங்க, 2010-ல ரிசல்ட் வந்துச்சு, சத்து மாத்திரை சாப்பிட்டவங்களுக்குத் தான் கிட்னி வேகமா இறங்கிச்சு, ஹார்ட் அட்டாக், ஸ்ட்ரோக்கும் அதிகம். கிரியாட்டினின் (கிட்னி வேலையைக் காட்டற ரத்த டெஸ்ட்) ஏறுனவங்க டாக்டர் சொல்லாம எந்த சத்து மாத்திரையும் தொடக் கூடாதுன்னு நான் பிடிவாதமா இருக்கறதுக்கு இது ஒரு காரணம்.

இது எப்ப சரின்னா, டாக்டர் காலைப் பரிசோதிச்சு, எரிச்சலுக்கும் பி12-க்கும் சேத்து, இத்தனை மாசம்னு எழுதிக் குடுத்தா. பக்கத்து வீட்டு அட்டை கணக்குல சேராது.

## வைட்டமின் டி, 60,000 யூனிட்

மலைல இருக்கறவங்க கிட்ட "வெயில்ல நில்லுங்க"ன்னு கீழ இருக்கற டாக்டர் சொன்னா சிரிப்பு வரும். ஜூன்ல ஆரம்பிச்சா வாரக்கணக்குல சூரியனே கண்ணுல படாது, பட்டாலும் நாம ஸ்வெட்டருக்குள்ள இருக்கோம். ஜன்னல் கண்ணாடிக்குப் பின்னாடி உக்காந்து வெயில் காயறது சுகமா இருக்கும், வைட்டமின் டி வராது, அதை உண்டாக்கற கதிரைக் கண்ணாடி தடுத்துடும். அதனால குறைபாடு இருக்க வாய்ப்பிருக்கு, 25 ஹைட்ராக்சி டெஸ்ட்ல 20-க்குக் கீழ வந்தா எலும்புக்கும் தசைக்கும் கண்டிப்பா மருந்து போடணும்.

ஆனா சுகருக்காக வேணாம். சுகர் வர்ற விளிம்புல இருந்த 2,423 பேர்ல பாதிப் பேருக்கு தினம் 4000 யூனிட் குடுத்து அமெரிக்கால பெரிய ஆராய்ச்சி பண்ணாங்க, 2019-ல ரிசல்ட், சுகர் வர்றதை அது தடுத்துச்சுன்னு உறுதியா சொல்ற அளவுக்கு வித்தியாசம் இல்ல.

இதுல நான் பண்ண தப்பு ஒண்ணை எழுதியே ஆகணும். சில வருஷம் முன்னாடி ஒரு அம்மாவுக்கு எட்டு கேப்சூல் குடுத்தேன், சீட்டுல வாரம் ஒண்ணுன்னு எழுதியிருந்துச்சு, கடைல கூட்டம், கவர்ல எழுதாம குடுத்துட்டேன். ஒன்பதாவது நாள் வந்து "கண்ணு, அந்தச் சத்து மாத்திரை தீந்துருச்சு, இன்னொரு எட்டு குடு"ங்கறாங்க. தினம் ஒண்ணா முழுங்கியிருக்காங்க. எனக்குக் கையெல்லாம் வேர்த்துருச்சு, அந்தக் குளிர்ல. டாக்டருக்கு ஃபோன் போட்டு, கால்சியம் டெஸ்ட் எடுக்க வச்சு, நல்ல வேளை ஒண்ணும் ஆகல. ஓவர்டோஸ் ஆனா கால்சியம் ஏறி தாகம் எடுக்கும், யூரின் நிறைய போகும், வாந்தி, மலச்சிக்கல், குழப்பம். முதல் ரெண்டைப் பாருங்க, சுகர் ஏறுனா வர்றதும் அதே தானே? சுகர் பேஷன்ட் "சுகர் ஏறிருச்சு போல"ன்னு நெனச்சுக்கிட்டு கேப்சூலைத் தொடர்ந்து போட்டுட்டே இருப்பாங்க. அன்னைல இருந்து கவர் மேல மார்க்கர்ல "ஞாயிறு மட்டும்"னு பெருசா எழுதாம நான் குடுக்கறதே இல்ல.

## பட்டை, குரோமியம், மெக்னீசியம் வகையறா

பட்டையும் குரோமியமும்: காசு தண்டம். பட்டை கேப்சூல் பலதும் கேசியா வகைல பண்றது, அதுல இருக்கற கூமரின் அதிகமானா ஈரலுக்குக் கெடுதல். குழம்புல போடற பட்டைக்கு இது இல்ல, தினம் ரெண்டு கேப்சூலுக்குத் தான்.

மெக்னீசியம் கொஞ்சம் வேற கதை. சுகர் கன்ட்ரோல்ல இல்லாதவங்களுக்கு யூரின் வழியா அது நிஜமாவே போகும், யூரின் மாத்திரையும் பேன்டோபிரசோலும் போட்டா இன்னும் போகும். தசை பிடிப்பு, படபடப்பு இருந்தா டெஸ்ட் எடுத்துப் பாக்கலாம். மாத்திரை போட்டா வயிறு இளகும், கிட்னி பலவீனமானவங்களுக்கு உடம்புலயே தங்கி ஆபத்தாகும். சிங்க்கை மாசக்கணக்கா அதிகமாப் போட்டா உடம்புல காப்பர் குறையும். அவ்வளவு தான் இதுல.

## இரும்பு: நம்ம மலைக்குன்னு ஒரு கூடுதல் கணக்கு

அசதின்னு வந்தா இரும்பு மாத்திரை கேக்கறது பழக்கம். ரெண்டு விஷயம். ஒண்ணு, தேயிலைக்காட்டுல இருக்கற நமக்கு டீ இல்லாம மாத்திரை இறங்காது, ஆனா டீயோட போட்ட இரும்புல பெரும்பகுதி வீண். டீக்கும் மாத்திரைக்கும் ஒரு மணி நேரமாச்சும் இடைவெளி வேணும், கால்சியம் மாத்திரையோடயும் சேக்கக் கூடாது. வர்க்கியை டீல நனைச்சுக்கிட்டே "இரும்பு போட்டும் ரத்தம் ஏறலயே"ன்னு கேக்கறவங்களை தினம் பாக்கறேன்.

ரெண்டு, அரிவாள் செல் ரத்தசோகை, ரத்த அணு அரிவாள் மாதிரி வளைஞ்சு போற பரம்பரை நோய். இந்தியால அந்த மரபணு இருக்குன்னு முதல்ல கண்டுபிடிச்சதே நம்ம நீலகிரி பழங்குடி மக்கள் கிட்ட தான், 1952-ல லேமன், கட்புஷ்னு ரெண்டு பேர் எழுதினாங்க. அந்தக் குடும்பங்கள்ல ரத்தம் குறைவுன்னா காரணம் இரும்பாத் தான் இருக்கணும்னு இல்ல, டெஸ்ட் பண்ணாம இரும்பு போட்டா தேவையில்லாம உடம்புல சேரும். அதோட அந்த நோய் இருக்கறவங்களுக்கு எச்பிஏ1சி, அதாவது மூணு மாச சராசரி சுகர் டெஸ்ட்டையும் நம்ப முடியாது, ரத்த அணு சீக்கிரம் அழியறதால நம்பர் குறைவா வரும். நேரா சுகர் அளவைப் பாத்துத் தான் மருந்தை முடிவு பண்ணணும்.

## ஒண்ணும் வாங்காம சாப்பாட்டுலயே

இதுவும் ஒரு ஆப்ஷன் தான், நிறைய பேருக்கு நல்ல ஆப்ஷன். ராகில 100 கிராமுக்கு 350 மில்லிகிராம் கிட்ட கால்சியம் இருக்கு, மெக்னீசியமும் உண்டு, கீரை, அவரை, மொச்சை, பீன்ஸ் எல்லாம் நம்ம ஊர்ச் சந்தைலயே கிடைக்குது. ராகி களியும் மாவுச்சத்து தான், உருண்டை சைஸைக் குறைக்கணும், அது வேற. பி12-க்கு மட்டும் காய்கறில வழியே இல்ல, பால், தயிர், முட்டை, மீன், ஈரல்னு போகணும். மெட்பார்மினால ஏற்கனவே டேங்க் காலியானவங்களுக்கு முட்டை ரெண்டு சாப்பிட்டு நிரப்ப முடியாது, மெட்பார்மின் புதுசா ஆரம்பிச்சவங்களுக்கு இது போதும், வருஷம் ஒரு தடவை டெஸ்ட் பாத்துக்கிட்டா.

கவுண்டர்ல ஒட்டி வைக்கற மாதிரி சுருக்கமா:

| எது | யாருக்கு | மறைஞ்ச செலவு | முதல்ல பாக்க வேண்டியது |
|---|---|---|---|
| பி12 மாத்திரை | வருஷக்கணக்கா மெட்பார்மின், லேசான குறைபாடு | பாதில நிறுத்திடறது | பி12 டெஸ்ட், மாத்திரைக்கு முன்னாடி |
| பி12 ஊசி | ரொம்பக் குறைவு, மதமதப்பு, தள்ளாட்டம் | பஸ், அரை நாள் கூலி | டாக்டர் |
| மல்டிவைட்டமின் | சாப்பாடே சரியில்லாதவங்க | லேப், மீட்டர் குழப்பம் | பி12 எவ்வளவு, பயோட்டின் எவ்வளவு |
| நரம்பு காம்பினேஷன் | டாக்டர் காலைப் பாத்து எழுதினா | தலைசுத்தல், கிட்னி | பிரிகாபலின் இருக்கா, கிரியாட்டினின் |
| வைட்டமின் டி 60,000 | டெஸ்ட்ல 20-க்குக் கீழ | தினம் போட்டுடற ஆபத்து | வாரமா மாசமா |
| இரும்பு | இரும்பு குறைஞ்ச ரத்தசோகை உறுதியானா | டீ, வயித்துக் கோளாறு | அரிவாள் செல் உண்டா |
| பட்டை, குரோமியம் | யாருக்கும் இல்ல | காசு | - |

கையில 500 ரூபாய் தான் இருக்குன்னா நான் டப்பா வாங்கச் சொல்ல மாட்டேன், டெஸ்ட் பண்ணச் சொல்வேன். மெட்பார்மின் நாலு வருஷத்தைத் தாண்டிடுச்சுன்னா பி12, கால் மதமதப்பு இருந்தா அதைத் தள்ளியே போடாதீங்க. மாத்திரை வாங்கும்போது மக்கள் மருந்தகம், முதல்வர் மருந்தகத்துலயும் கேட்டுப் பாருங்க, விலைல நல்ல வித்தியாசம் இருக்கும், எங்க ஓனர் இதைப் படிக்க மாட்டார்ங்கற தைரியத்துல சொல்றேன். வீடு தேடி சுகர் மாத்திரை கொண்டு வர்ற மக்களைத் தேடி மருத்துவம் அக்கா கிட்டயும் நீங்க தனியா வாங்கிப் போடற சத்து மாத்திரை என்னென்னன்னு மறைக்காம சொல்லுங்க.

பெரியவர் கதைக்கு வர்றேன். பட்டை கேப்சூலை "கறிக்குழம்புல பிச்சுப் போட்டுக்கறேன்"னு எடுத்துக்கிட்டார், நரம்பு மாத்திரையை பக்கத்து வீட்டுக்கே திருப்பிக் குடுக்கச் சொன்னேன், டெஸ்ட்டுக்கு அனுப்பினேன். பி12 148. டாக்டர் ஊசி எழுதினார், பாதி நாள் மழைல நனைஞ்சுக்கிட்டே வந்து எல்லா ஊசியும் போட்டுக்கிட்டார், இப்ப தினசரி மாத்திரை. மூணு நாலு மாசத்துல எரிச்சல் பாதி குறைஞ்சுருச்சுங்கறார், கட்டைவிரல் மதமதப்பு அப்படியே இருக்கு, அது திரும்புமான்னு டாக்டரும் உறுதி சொல்லல. எச்பிஏ1சி 8.1-ல இருந்து 7.6-க்கு இறங்கிச்சு. அதுல ஒரு சின்ன விஷயம், பி12 குறைஞ்சிருந்தாலும் இரும்பு குறைஞ்சிருந்தாலும் பழைய ரத்த அணு நிறைய தங்கி எச்பிஏ1சி இருக்கறதை விட அதிகமாக் காட்டலாம், குறைபாட்டைச் சரி பண்ணா புது அணு வந்து தானா கொஞ்சம் இறங்கும். அதனால அந்த அரைப் புள்ளில எவ்வளவு நிஜம், எவ்வளவு கணக்கு மாறுனதுன்னு சொல்ல முடியாது, டாக்டர் மாத்திரை எதையும் குறைக்கல.

பையன் ரிப்போர்ட்டை வாட்ஸ்ஆப்ல பாத்துட்டு எங்க கடைல அவர் நிக்கும்போதே ஃபோன் பண்ணான். "அப்பா, நான் அனுப்புன டப்பா எப்படி வேலை செய்யுது பாத்தீங்களா, அடுத்த டப்பா போட்டுடவா?" பெரியவர் என்னைப் பாத்துக்கிட்டே "ஆமா சாமி, நல்லா கேக்குது, இது தீரட்டும் சொல்றேன்"னார். அந்த டப்பா எங்க கவுண்டருக்கு அடியில, சீல் உடைக்காம, அன்னைக்கு அவர் வச்ச எடத்துலயே இருக்கு.